கேள்வி–பதில்: வயதான விரல்களும் கேமராவும்

கேள்வி: பியானோ மேதை ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டரைப் பற்றி புரூனோ மோன்சென்ஜான் எடுத்த ஆவணப்படத்தைப் (1998) பார்த்தேன். கடைசிக் காலத்தில் ரிக்டர் அரங்கை இருட்டாக்கி, சிறு விளக்கொளியில் இசைக்குறிப்பு நோட்டைப் பார்த்துத்தான் வாசித்தாராமே! மறதியா?

பதில்: மறதியைவிடக் காதின் பங்கு பெரிது. எந்த ஒலியைக் கேட்டாலும் அதன் சுருதியைச் சட்டென்று சொல்லும் காது அவருடையது. முதுமையில் அது பிசகி, எல்லாமே உண்மையான சுருதியைவிட உயர்ந்து கேட்கத் தொடங்கியது. ஒரு கட்டைச் சுருதியை (C) வாசித்தால் இரண்டு கட்டைச் சுருதியாக (D) கேட்கும் நிலை. மனதிலுள்ள சுருதியை நம்பிப் போனால் விரல் தவறான இடத்தில் விழும். நோட்டு அதைப் பிடித்து நிறுத்தும். இருட்டுக்குக் காரணம் வேறு. ரசிகர்கள் தன் முகத்தையும் விரலையும் பார்க்காமல் இசையைக் கேட்கவேண்டும் என்று விரும்பினார். அவருடைய தீவிரத்துக்கு அது அழகான சான்று.

கேள்வி: இன்னொரு பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் 89 வயதுவரை எப்படி மேடையேறினார்?

பதில்: வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்து, அவற்றுக்குக் கூடுதல் சாதகம் செய்தார். வேகமான பகுதிக்கு முன் சற்று நிதானித்தார். அடுத்து வருவது உள்ளதைவிட வேகமாகத் தோன்றும். 1976இல் கண்பார்வை மங்கியதால்தான் ஓய்வுபெற்றார்.

கேள்வி: வயதான என் பியானோ ஆசிரியரைப் படமெடுக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: படப்பிடிப்பன்று காலையில் பியானோவைச் சுருதி சேர்த்துவிடுங்கள். கிராண்ட் பியானோ என்றால் மூடியை முழுதும் திறந்து, வளைந்த பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு ஜோடி மைக் வையுங்கள். நெருங்கினால் சுத்தியல், பெடல் சத்தம் ஏறும். விலகினால் அறையின் எதிரொலி தின்றுவிடும். ஏசி, மின்விசிறி இரண்டையும் நிறுத்துங்கள். அறை சூடேறும் என்பதால் அரைமணிக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள். அவருக்கும் விரல் ஓய்வு தேவை. ஒலியைத் தனி ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிப் பதியுங்கள். எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்த அதுவே போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டரை 1/50 நொடி வைத்தால் விளக்கு மினுக்காது.

பலர் சறுக்குவது கைகளின் குளோசப்பில். தனியாகப் பிறகு வாசிக்கச் சொல்லி எடுத்தால், லயமும் விரலமைப்பும் முதல் ஒலியோடு பொருந்தாது. இரண்டு கேமரா வையுங்கள்: ஒன்று முகத்துக்கு, மற்றொன்று தோளுக்குப் பின்னால் உயரத்திலிருந்து விரல்களுக்கு. இடையில் தடுமாறினால் நிறுத்தாதீர்கள். அவருடைய மூச்சும் முனகலும் பதிவானால் அவற்றையும் அழிக்க வேண்டாம்.

படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பதானால், பேத்தோவன் இசைக்குக் காப்புரிமை இல்லை. அதை வேறொருவர் வாசித்து வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உண்டு. பின்னணிக்கும் ஆசிரியரே வாசிக்கட்டும்.