மோட்டாரின் வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையையும் வாட்டையும் எப்படிக் கணக்கிடுவது?

நீங்கள் கொடுத்த விவரம் இது: காரிமங்கலம் பக்கத்தில் வீடு, கிணற்றில் 1.5 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது). வீட்டு மீட்டரிலிருந்து 90 மீட்டர் தூரம், 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர். மோட்டார் ஓடும்போது மீட்டரில் 228 வோல்ட், மோட்டார் டெர்மினலில் 206 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 10.5 ஆம்பியர். 206-ஐ 10.5-ஆல் வகுத்தால் 19.6 ஓம் வருகிறது, மல்டிமீட்டரோ காயிலில் 3 ஓம்தான் காட்டுகிறது, அதனால் காயில் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள்.

இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாததை வைத்துக் காயிலைக் குறை சொல்ல முடியாது. எந்த ஏ.சி. மோட்டாரிலும் இவை ஒத்துப்போகா. மல்டிமீட்டர் தன் பேட்டரி கொடுக்கும் டி.சி.யில் செம்புக் கம்பியின் தடையை மட்டும் அளக்கிறது. ஓடும் மோட்டாரிலோ காந்தப்புலம் காயிலுக்குள் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. 19.6 ஓம் என்பது அந்த எதிர்ப்பும் சேர்ந்த மொத்தம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து மின்தடை காண்பது கீசர், அயர்ன் பாக்ஸ், ஒயர் போன்றவற்றுக்குத்தான் நேராகப் பொருந்தும்.

உங்கள் அளவுகளில் உண்மையில் கவனிக்க வேண்டியது ஒயர். ஒயரின் தடையைக் காண 228-ஐயோ 206-ஐயோ எடுக்கக் கூடாது. ஒயரிலேயே விழுந்த வோல்டேஜை எடுக்க வேண்டும். 228-இல் 206 போக, தோராயமாக 22 வோல்ட். அதை 10.5-ஆல் வகுத்தால் 2.1 ஓம்.

இருக்க வேண்டியது எவ்வளவு? 2.5 ஸ்கொயர் காப்பர் ஒயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.98 ஓம் வரை இருக்கலாம். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 90 அல்ல, 180 மீட்டர். பலர் தவறுவது இங்கேதான். 1.44 ஓம் வருகிறது. வெயிலில் கிடந்து 45 டிகிரிக்குச் சூடானால் சுமார் 10 சதவீதம் கூடி 1.58 ஓம். அப்படியும் அரை ஓம் மிச்சம் நிற்கிறது. ஒயர் உண்மையிலேயே 2.5 ஸ்கொயர் காப்பர்தான் என்றால், அந்த அரை ஓம் ஏதோ ஒரு ஜாயிண்டிலோ சுவிட்சிலோ டெர்மினல் ஸ்க்ரூவிலோ இருக்கிறது.

அரை ஓம் தானே என்று விடாதீர்கள். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினால் வாட். 10.5 × 10.5 × 0.52 = 57 வாட். பெரிய சால்டரிங் அயர்ன் ஒன்று அந்த ஜாயிண்டுக்குள் எரிந்துகொண்டிருக்கிற கணக்கு. இன்சுலேஷன் டேப் உருகுவதும் டெர்மினல் கருகுவதும் இப்படித்தான். காப்பரையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கிக் கட்டிய இடம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கண்டுபிடிக்க, பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு, மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்தபின் ஒவ்வொரு ஜாயிண்டையும் தொட்டுப் பாருங்கள். கெட்டது சுடும். எலக்ட்ரீஷியன் இருந்தால், மோட்டார் ஓடும்போது ஜாயிண்டின் இருபுறமும் மல்டிமீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். நல்ல ஜாயிண்டில் 0.1 வோல்ட்டுக்கும் கீழே இருக்கும், உங்களுடையதில் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஈரக் கையோடு, கிணற்று மேட்டில் வெறுங்காலோடு நின்று இதை நீங்களே செய்ய வேண்டாம்.

இனி வாட். 206 × 10.5 = 2163. ஆனால் இது வாட் அல்ல, வோல்ட் ஆம்பியர். இதில் எவ்வளவு பங்கு உண்மையில் மின்சக்தியாகச் செலவாகிறது என்று காட்டும் எண்தான் பவர் ஃபேக்டர். அதனால் பெருக்கினால்தான் வாட். அந்த எண்ணை ஊகிப்பதைவிட வீட்டு மின்மீட்டரையே கேட்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். மீட்டர் முகப்பிலுள்ள சிறு விளக்கு ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்று அங்கேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்று இருந்து, 100 சிமிட்டலுக்கு 55 நொடி ஆனால், 100-ஐ 3200-ஆல் வகுத்து 36,00,000-ஆல் (ஒரு யூனிட் என்பது இத்தனை வாட் நொடி) பெருக்கி 55-ஆல் வகுங்கள்: 2045 வாட். ஒயரில் வீணாவது தோராயமாக 22 × 10.5 = 231 வாட். அதைக் கழித்தால் மோட்டாருக்குப் போவது 1814 வாட். 2163-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.84. 1.5 எச்.பி. என்றால் 1119 வாட்தானே, ஏன் இவ்வளவு என்று தோன்றும். அது ஷாஃப்டில் கிடைக்கும் அளவு, இழுக்கும் அளவு அல்ல.

தினமும் 2 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் அந்த 231 வாட் மட்டும் சுமார் 28 யூனிட்.

அளக்கும்போது இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். கிளாம்ப் மீட்டருக்குள் ஒரே ஒயர்தான் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். மீட்டரில் அளப்பதும் மோட்டார் ஓடும்போதே அளக்க வேண்டும். நிறுத்தி அளந்தால், கம்பத்திலிருந்து வரும் லைனில் விழும் வோல்டேஜும் உங்கள் ஒயர் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஜாயிண்டைச் சுத்தம் செய்து, ஒயர் முனையில் லக்கு என்ற உலோக முனையை வைத்துக் கிரிம்ப் செய்தால் (கருவியால் இறுக்கி நசுக்கினால்) டெர்மினலில் 211 வோல்ட் அளவுக்கு ஏறும். ஒயரையே 6 ஸ்கொயருக்கு மாற்றினால் மொத்தத் தடை 0.65 ஓம் ஆகி, 220-க்கு மேல் கிடைக்கும்.