கத்திரி வெயில்ல குட்டி போடப்போற லேப்ரடார் நாய்: மாடி ஷெட்டா, ஏசி ரூமா?

வேலூர் சத்துவாச்சாரியிலருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "எங்க லேப்ரடாருக்கு ரெண்டரை வயசு, மார்ச் 12 கிராஸ் பண்ணோம், ஸ்கேன்ல குட்டி இருக்குன்னு சொல்லிட்டாங்க. மாமியார் மொட்டை மாடி ஷெட்டுல விடுன்றாங்க, பையன் ஏசி ரூம்தான்னு அடம் புடிக்கிறான். மெடிக்கல்ல கால்சியம் டானிக் குடுத்திருக்காங்க, தினமும் ஊத்தவா? இதுக்கு முதல் பிரசவம், பயமா இருக்கு சார்."

அக்கா, மார்ச் 12லருந்து 63 நாள் எண்ணினா மே 14 வருது, அஞ்சு நாள் முன்ன பின்ன ஆகலாம், எப்படிப் பார்த்தாலும் கத்திரி நடுவுலதான். நம்மூர் வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில மத்தியானம் ஒரு மணிக்கு மனுஷனே நிக்க முடியாது, வயித்துல குட்டியோட மூச்சு வாங்கிகினு இருக்குறது எப்படி இருக்கும்? மாடி வேணாம். "தெருநாய்லாம் குட்டி போடலையா இன்னா"ன்னு மாமியார் கேப்பாங்க. போடுது, அதுல எத்தனை பொழைக்குதுன்னுதான் யாரும் எண்றதில்ல.

அதுக்காக பையன் சொல்றதும் முழுசா சரி கிடையாது. பெரிய நாய்க்கு குளிர்ச்சி வேணும், பொறந்த குட்டிக்கு சூடு வேணும், ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள படுத்திருக்கும், சிக்கலே இங்கதான். முதல் வாரம் குட்டிக்கு தன் உடம்புச் சூட்டை தானே காப்பாத்திக்கத் தெரியாது, சுத்தி 30 டிகிரி பக்கம் இருந்தாதான் நல்லது. ஏசியை 20ல வச்சா குட்டி வெறைச்சிடும். கீழ் வீட்ல ஆள் நடமாட்டம் கம்மியா இருக்குற ரூம், ஜன்னல்ல ஈரக் கோணி, ஃபேன் காத்து பெட்டி மேல நேரா விழாம பார்த்துக்கோங்க, பெரும்பாலும் இதுவே போதும். ரொம்ப கொதிச்சா மத்தியானம் மட்டும் ஏசியை 28ல போடுங்க. வெறும் சிமெண்ட் தரையில குட்டிய விடாதீங்க. சரியா இருக்கான்னு குட்டியே காட்டிடும்: ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கத்திகினே இருந்தா குளிருது, மூலைக்கு ஒண்ணா பிரிஞ்சு கெடந்தா சூடு ஜாஸ்தி. ஜில்லுனு ஆன குட்டிக்கு உடனே பால் குடுத்துடாதீங்க, செரிக்காது, நெஞ்சோட அணைச்சு மெதுவா சூடு ஏத்திட்டு அப்புறம் தாயோட மடியில பால் குடிக்க விடுங்க.

பெட்டி நாலுக்கு நாலு அடி இருக்கட்டும். உள்பக்கம் சுத்தியும் தரையிலருந்து நாலு இஞ்ச் உயரத்துல, சுவரை விட்டு நாலு இஞ்ச் தள்ளி ஒரு பிவிசி பைப் ஓட்டிடுங்க. முப்பது கிலோ நாய் சாஞ்சு படுக்கும்போது பின்னாடி மாட்டுற குட்டி நசுங்காம அந்த சந்துல ஒதுங்கிக்கும்.

இப்ப கால்சியம். அந்த பாட்டிலை மூடி அலமாரியில வைங்க. பிரசவத்துக்கு முன்னாடியே ஊத்தினா, எலும்புலருந்து கால்சியத்தை எடுத்துக்குற வேலையை உடம்பு மெத்தனமா விட்டுடும், அப்புறம் குட்டிங்க முட்டி முட்டிப் பால் குடிக்கிற ரெண்டாவது மூணாவது வாரத்துல தேவை எகிறும்போது ரத்தத்துல கால்சியம் சரிஞ்சிடும். போன வருஷம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு நாயைத் தூக்கிகினு வந்தாங்க, காலெல்லாம் கட்டை மாதிரி, உடம்பு வெடவெடன்னு உதறுது, ஜுரம் 106. ரெண்டு மாசமா தினமும் டானிக் ஊத்தினோம் சார்னு பெருமையா சொல்றாங்க. நரம்புல கால்சியம் சொட்டு சொட்டா ஏத்தி, ஒரு கையால நெஞ்சுல ஸ்டெதஸ்கோப்பைப் புடிச்சிகினே இருந்தேன், வேகமா போனா இதயம் நின்னுடும். அது பொழைச்சிடுச்சு. உங்களுதுக்கு கடைசி மூணு வாரம் பப்பி ஃபுட் குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை. அதுலயே தேவையானது இருக்கு.

மே 7 வாக்குல ஒரு எக்ஸ்ரே எடுத்து குட்டி எத்தனைன்னு எண்ணிக்கோங்க, இல்லன்னா உள்ள இன்னும் இருக்கா முடிஞ்சுதான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு குழம்புவீங்க. அன்னிலருந்தே காலையும் ராத்திரியும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில வேஸ்லின் தடவி ஆசனவாயில வச்சு பாருங்க. சாதாரணமா 101, 102 இருக்கும், 99க்குக் கீழ இறங்கினா பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள வலி வந்துடும். நல்லா முக்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வரலைன்னா, உள்ள குட்டி இருந்தும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விழுந்தா, முதல் குட்டிக்கு முன்னாடியே பச்சையா தண்ணி போனா, யோசிக்காம வண்டி எடுங்க. யாராவது "ஒரு ஊசி போட்டா சட்டுனு வந்துடும்"னு வீட்டுக்கு வந்து ஆக்ஸிடோசின் (கர்ப்பப்பையை இறுக்கி முக்க வைக்கிற மருந்து) போட விட்டுடாதீங்க, குட்டி குறுக்க மாட்டியிருந்தா கர்ப்பப்பையே கிழிஞ்சிடும்.

பொறந்ததும் கிச்சன் தராசுல தினமும் எடை போட்டு எழுதுங்க, பத்து நாளைக்குள்ள ரெண்டு மடங்கு ஆகணும். பதினஞ்சாம் நாள் பூச்சி மருந்து. எட்டு வாரம் முடியாம, அதாவது ஜூலை ரெண்டாவது வாரத்துக்கு முன்னாடி, யார் கேட்டாலும் குட்டியைத் தூக்கிக் குடுத்துடாதீங்க, நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான மத்திய அரசோட 2017 விதியும் அதான் சொல்லுது, விக்கிறதா இருந்தா பதிவும் பண்ணணும். அதே விதிப்படி வருஷத்துக்கு ஒரு ஈத்துதான், அடுத்த ஹீட்டுல (இணை சேர்ற பருவத்துல) மறுபடி கிராஸ் பண்ணிடாதீங்க.

பெட்டியை நாளைக்கே கீழ் ரூம்ல போட்டு, அது வழக்கமா படுக்குற பழைய போர்வையை உள்ள விரிச்சுடுங்க. கடைசி நேரத்துல போட்டீங்கன்னா அது பாட்டுக்கு உங்க கட்டிலுக்கு அடியில போய் போட்டுடும்.