மைக்ரோபயாலஜி படித்த மகளுக்கு கிரெடென்ஷியலிங் வேலை: சேர்க்கலாமா?

அமெரிக்கத் தோல் மருத்துவர்களுக்குக் கிரெடென்ஷியலிங், அதாவது டாக்டரின் தகுதிகளைச் சரிபார்க்க வைத்து இன்சூரன்ஸ் நிறுவனங்களில் பதிவுசெய்யும் வேலை, செய்துதரும் சென்னை நிறுவனத்தில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ‘ஃபாரம் நிரப்பவா பி.எஸ்சி. படித்தாள்?’ என்று கேட்கிறீர்கள். ஃபாரம்தான். ஆனால் அதில் ஒரு தேதி பிசகினால் டாக்டருக்கு மாதக்கணக்கில் பணம் வராது.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பணம் வாங்க டாக்டருக்கு லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு இன்சூரன்ஸ் நிறுவனமும் டாக்டரின் படிப்பு, போர்டு சான்றிதழ் (சிறப்புத் துறைத் தகுதிச் சான்று), வேலை வரலாறு எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே நெட்வொர்க்கில், அதாவது தன் டாக்டர் பட்டியலில், சேர்க்கும். தனியார் நிறுவனங்களில் 90 முதல் 120 நாள் ஆவது சகஜம். பெரும்பாலானவை விவரங்களை டாக்டர்களின் விவரங்களைப் பொதுவாகச் சேமித்துவைக்கும் சி.ஏ.க்யூ.எச். தளத்திலிருந்து எடுக்கின்றன. அங்கே 120 நாளுக்கு ஒருமுறை ‘எல்லாம் சரி’ என்று அட்டெஸ்ட் செய்யத் தவறினால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான) இன்சூரன்ஸ் சான்று காலாவதியாகியிருப்பது, கிளினிக் முகவரி ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் இருப்பது, வேலை வரலாற்றில் ஆறு மாதத்துக்கு மேல் விளக்கமில்லாத இடைவெளி இருப்பது: பெரும்பாலும் இவற்றால்தான் தடங்கல்.

முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரின் கணக்கு வேறு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள், டாக்டர் அந்த இடத்தில் வேலை தொடங்கிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுதான் அமலாகும் தேதி. அதற்கு முந்தைய 30 நாள் வரை பில் போடலாம், அவ்வளவுதான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுப் புதிதாக அனுப்பினால் தேதியும் புதிது.

தோல் மருத்துவத்தில் உங்கள் மகளின் படிப்புக்கு வேலை இருக்கிறது. பூஞ்சைத் தொற்றுக்குத் தோலைச் சுரண்டி கே.ஓ.ஹெச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) ஸ்லைடு பார்க்கும் கிளினிக்குக்கும் ‘கிளியா’ என்ற அமெரிக்க அரசின் ஆய்வகச் சான்று வேண்டும். டாக்டரே மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஒருவகைச் சான்று போதும். தோல் புற்றுநோய்க்கான மோஸ் அறுவைச் சிகிச்சையில் வெட்டிய திசுவை அங்கேயே ஸ்லைடாக்கிப் பார்ப்பதற்கு அது போதாது. உயர்நிலைச் சான்று தேவை. சான்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். எந்தச் சோதனைக்கு எந்தச் சான்று என்று மைக்ரோபயாலஜி தெரிந்தவருக்குச் சட்டென்று பிடிபடும்.

ஒரு எச்சரிக்கை. தோல் கிளினிக்குகளில் டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும், பி.ஏ. எனப்படும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் அதிகம். மெடிகேர் பதிவு இன்னும் முடியாத பி.ஏ. பார்த்த புதிய மெடிகேர் நோயாளிக்கு டாக்டர் பெயரில் பில் போடுவது விதிமீறல். டாக்டருக்குத் தருவதில் 85 சதவீதமே மெடிகேர் பி.ஏ.வுக்குத் தருவதால் இந்த ஆசை வரும். யாராவது அப்படிச் செய்யச் சொன்னால் மகள் அதை எழுத்தில் கேட்கட்டும்.

சேருமுன் விசாரியுங்கள்: டேட்டா என்ட்ரி மட்டுமா, இன்சூரன்ஸ் நிறுவனங்களோடு போனில் நேரடியாகப் பேசும் ஃபாலோ-அப் அழைப்பும் உண்டா? அழைப்பு இருந்தால்தான் வேலை பிடிபடும், சம்பளமும் ஏறும். ஆனால் நைட் ஷிஃப்ட்டும் கூடவே வரும். நியூயார்க்கில் காலை எட்டு என்றால் நமக்கு கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. வீடு வரை கேப் உண்டா என்பதை ஆஃபர் லெட்டரிலேயே போடச் சொல்லுங்கள்.