ஃபுய்யா, இபாவா?

கேள்வி: ஸ்பானிஷ் படிக்கிறேன். சின்ன வயதில் ஞாயிறுதோறும் கடற்கரைக்குப் போனதைச் சொல்ல, 'தே நின்யோ, தோதோஸ் லோஸ் தொமிங்கோஸ் ஃபுய் அ லா ப்லாயா' என்று எழுதினேன். ஆசிரியர் ஃபுய்யை அடித்துவிட்டு இபா என்று போட்டார். இரண்டுமே 'போனேன்'தானே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இதையே வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? 'ஞாயிற்றுக்கிழமையானா பீச்சுக்குப் போவேன்' என்றுதானே? பார்க்க எதிர்காலம், சொல்வது பழைய வழக்கம். அந்தப் 'போவேன்'தான் இபா. 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதற்கும் அதே இபாதான். 'இபா அல் மெர்காதோ' என்றால் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தேனா, மழை வந்து பாதியில் திரும்பினேனா என்று அது சொல்லாது. ஃபுய் என்றால் போன கதை முடிந்தது.

'தோதோஸ் லோஸ் தொமிங்கோஸ்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இபா போடு என்று சிலர் பட்டியல் கொடுப்பார்கள். எனக்கு அந்தப் பட்டியல்களைக் கண்டாலே ஆகாது. 'துராந்தே தோஸ் அன்யோஸ் ஃபுய் தோதோஸ் லோஸ் தொமிங்கோஸ்', அதாவது 'இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் போனேன்', சரியான வாக்கியம். இரண்டு வருஷம் என்று எல்லை கட்டியாகிவிட்டது, அதனால் ஃபுய். உங்கள் வாக்கியத்தில் அப்படி எல்லை இல்லை.

மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: இபா, இபாஸ், இபா, இபாமோஸ், இபாய்ஸ், இபான். இபா வருகிற இந்த இறந்தகால வகையில் விதிக்கு அடங்காத வினைகள் மொத்தமே மூன்று: செர் (இரு), இர் (போ), வெர் (பார்). அதில் இர் லத்தீனின் 'இபாம்' வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. இபாமோஸ் எழுதும்போது முதல் எழுத்தின் மேல் சாய்வுக்குறியை மறக்காதீர்கள்.

ஸ்பெயின் பிள்ளைகளே இதை 'பி'க்குப் பதில் 'வி' போட்டு எழுதித் திட்டு வாங்குவார்கள். அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே ஒலி. 'வி' போட்டால் அது கடை ரசீதில் வரும் மதிப்புக் கூட்டு வரியின் சுருக்கப் பெயர். அங்கே பொதுவாக 21 சதவீதம்!

அப்புறம், 'இபா அ யமார்தே' என்று அடிக்கடி காதில் விழும். 'உனக்கு போன் பண்ணணும்னுதான் இருந்தேன்' என்று நாம் சமாளிப்போமே, அதேதான். இங்கே ஃபுய் போட்டுவிடாதீர்கள். உன்னைக் கூப்பிடக் கிளம்பிப் போனேன் என்றாகிவிடும்.