சுவரில் மாட்டும் அலங்காரச் சட்டமாகவும் இருக்கிற சிறு கைத்தறியை எப்படி வடிவமைப்பது?

பழைய படச்சட்டத்தின் மேலும் கீழும் ஆணி அடித்து நூல் கட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். களியக்காவிளைப் பக்கம் என்பதால் ரப்பர் மரமும் அயினியும் எளிதில் கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். படச்சட்டம் போதாது. காரணத்தைப் புரிந்துகொண்டால் வடிவமைப்பில் பாதி முடிந்துவிடும்.

படச்சட்டம் கண்ணாடியின் எடையைத் தாங்கினால் போதும். தறிச்சட்டம் பாவின் (நீளவாட்டில் கட்டும் நூல்களின்) இழுப்பைத் தாங்க வேண்டும். ஓர் இழைக்கு 200 கிராம் இறுக்கம் என்று வைத்தால்கூட 82 இழைக்கு 16 கிலோ ஆகிறது. கடையில் கிடைக்கும் 15 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனமுள்ள சட்டக்கட்டை ஓரடி நீளத்தில் இந்த இழுப்புக்கு நடுவில் ஏறத்தாழ 2 மி.மீ. வளையும். மேலும் கீழும் இப்படி வளைந்தால் நடு இழைகள் தொய்யும், ஓர இழைகள் விறைக்கும். நெய்யும்போது ஊடை (குறுக்கே ஓடும் நூல்) நடுவில் தளர்ந்து தொங்கும். 45 டிகிரியில் வெட்டி ஒட்டிய மூலைகளும் நாளடைவில் வாய் திறக்கும். கட்டையின் அகலத்தை இழுப்பின் திசையில் இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் கனத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவதே லாபம்.

இன்னொன்று, குட்டையான பாவு பிழையை மன்னிக்காது. கேரளத்தின் கைத்தறி ஊரான பாலராமபுரத்தில், சாலியர் தெருக் குழித்தறிகளில் பாவு பல மீட்டர் நீளம். அங்கே 1 மி.மீ. வித்தியாசம் நீளத்தில் கரைந்துபோகும். 45 செ.மீ. பாவில் அதே 1 மி.மீ. தெளிவாகத் தெரியும். பெரிய தறியை அப்படியே சுருக்கிச் செய்கிற பொம்மைத் தறிகளில் ஒழுங்காக நெய்ய முடியாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆகவே இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வழி கட்டாயம் வேண்டும்.

நான் பரிந்துரைப்பது, பின்பக்கத்தில் நெய்து முன்பக்கத்தைக் காட்டும் சட்டம். ஆணி, திருகு, நூல்முனை எல்லாம் பின்னால் இருக்கும். முன்னால் வெறும் மரமும் துணியும்தான். சட்டத்தைக் குப்புறப் போட்டு நெய்யும்போது பாவு சட்டத்தின் முதுகுக்கு மேலே நிற்கும். அதனால் பக்கச் சட்டம் நாடாவை (ஊடைநூலைக் கொண்டுபோகும் கட்டையை) மறிக்காது. பாவை முன்பக்கக் குழிக்குள் கட்டும் வடிவங்களில் ஒவ்வொரு ஊடைக்கும் நாடா சட்டத்தில் இடிக்கும், சில வரிகளிலேயே கை அலுத்துவிடும்.

மர அளவுகள் (வெளியளவு 400 × 560 மி.மீ.)

சட்டத்தை இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். பின் அடுக்கு 20 மி.மீ. கனம், முன் அடுக்கு 10 மி.மீ. கனம்.

பின் அடுக்கில் மேல் கட்டை 400 × 40, கீழ்க் கட்டை 400 × 65. இரண்டும் முழு அகலத்துக்கு ஓடும். அவற்றுக்கு நடுவே 455 × 40 பக்கக் கட்டைகள் இரண்டு.

முன் அடுக்கில் இதற்கு நேர்மாறாகப் பக்கக் கட்டைகள் முழு உயரத்துக்கு ஓடும்: 560 × 45, இரண்டு. நடுவே மேலே 310 × 90, கீழே 310 × 75. முன்னிருந்து பார்த்தால் தெரியும் சாளரம் 310 × 395.

இரண்டு அடுக்கையும் ஒட்டும்போது மூலையில் ஒரு கட்டைமேல் இன்னொன்று குறுக்கே ஏறி உட்காரும். உளி பிடிக்காமலே பாதிவெட்டு மூட்டின் பலம் கிடைத்துவிடும். நீர் எதிர்க்கும் மரப்பசை தடவி, மூலைக்கு இரண்டு மூங்கில் ஆப்பு அடித்தால் போதும். ஒட்டிய உடனே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். அளவு ஒன்றாக இல்லையென்றால் பசை ஈரமாக இருக்கும்போதே தள்ளிச் சரிசெய்ய வேண்டும். கோணிய சட்டத்தில் கோணிய துணிதான் வரும்.

நகரும் கட்டை ஒன்று, 310 × 25 × 18. இது மேல் கட்டைக்குக் கீழே, முன் அடுக்கின் 90 மி.மீ. பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இதை மேல் கட்டையோடு இரண்டு எம்6 போல்ட் (6 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம்) பிடித்திருக்கும். போல்ட்டின் தலை நகரும் கட்டைக்கு அடியில், வாஷரும் விங் நட்டும் சட்டத்தின் உச்சியில். எம்6 மரையில் ஒரு சுற்று 1 மி.மீ. நகர்த்தும் என்பதால் இறுக்கத்தை மிக நுணுக்கமாகக் கட்டுப்படுத்தலாம்.

போல்ட் துளைகள் கட்டையின் இரு முனையிலிருந்தும் 16 மி.மீ. உள்ளே இருக்கட்டும். அதிகம் உள்ளே தள்ளினால் வளைவு குறையும்தான், ஆனால் ஆணிகள் போல்ட்டில் போய் முட்டும். இந்த அளவுக் கட்டை முனையில் தாங்கினாலும் நடுவில் 0.2 மி.மீ. அளவே வளையும். துளை 6.5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மேல் கட்டையையும் நகரும் கட்டையையும் பின்முகம் ஒரே மட்டமாக இருக்கும்படி சேர்த்து இறுக்கிப் பிடித்து, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் துளையிடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் துளைகள் நேருக்கு நேர் வராமல் கட்டை சிக்கிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே துளைத்துவிடுவது நல்லது.

பாவு ஆணியின்மேல் இழுக்கிறது, போல்ட் கட்டையின் நடுவில் பிடிக்கிறது. இந்த விலகலால் நகரும் கட்டை மெல்லப் புரளப் பார்க்கும், அதன் அடி விளிம்பு முன்பக்கமாகச் சாயும். முன் பலகையின் உட்புறத்தில் 2 மி.மீ. மரப்பட்டி ஒன்றை ஒட்டி மெழுகு தேய்த்துவிட்டால் கட்டை அதில் சாய்ந்து நிற்கும், மேலும் கீழும் வழுக்கிப் போகவும் செய்யும்.

எந்த மரம்?

நகரும் கட்டைக்கும் கீழ்க் கட்டைக்கும் நன்றாக உலர்ந்த அயினி அல்லது பலா. வள்ளம் கட்டவே பயன்படுகிற அயினி ஈரத்துக்கு அஞ்சாது, ஆணியையும் இறுகப் பிடிக்கும். முன் அடுக்குக்கு ரப்பர் மரம் வெளுப்பாக அழகாக இருக்கும். ஆனால் போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகையாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்தில்லாத பலகையில் நீலக்கறையும் பூஞ்சையும் பிடிக்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், கொட்டுவது உங்கள் துணியின்மேல். துண்டு துண்டாக விரல்மூட்டுப் போட்டு ஒட்டிய பலகையை முன்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நகரும் கட்டைக்கு வேண்டாம்.

மெருகெண்ணெயோ வார்னிஷோ முன் அடுக்குக்கு மட்டும். ஆணி வரிசைப் பக்கம் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருக்கட்டும். எண்ணெய் ஏறிய மரம் வெள்ளை நூலில் மஞ்சள் கறையை இறக்கும்.

ஆணி வரிசை

20 மி.மீ. நீளப் பித்தளை ஆணி, கீழ்க் கட்டையில் 42, மேலே நகரும் கட்டையில் 41. இரும்பு ஆணி இந்த ஊர்க் காற்றில் துருப்பிடித்து நூலை அரிக்கும். ஆணிக்கு ஆணி 6 மி.மீ. இடைவெளி. மேல் ஆணி ஒவ்வொன்றும் கீழே உள்ள இரண்டு ஆணிகளின் நடுவே நேராக வரவேண்டும். இப்படி வைத்தால் இழைகள் சட்டத்தின் நடுவில் சரியாக 3 மி.மீ.க்கு ஒன்று வந்து நிற்கும்.

ஒரே கோட்டில் அடித்தால் மரம் நார்வழியே பிளக்கும். 8 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி அடியுங்கள். நகரும் கட்டையில் இந்த இரு கோடும் கட்டையின் நடுவில் வரட்டும், கீழ்க் கட்டையில் உள்விளிம்பிலிருந்து சுமார் 20 மி.மீ. தள்ளி. முதலில் 1 மி.மீ. துளை போட்டுக்கொள்வது கட்டாயம், பித்தளை மென்மையானது, துளையில்லாமல் அடித்தால் மடங்கும். 12 மி.மீ. உள்ளே, 8 மி.மீ. வெளியே. ஆணியின் தலை பாவுக்கு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் நூல் நழுவாது.

நூலும் பாவும்

பாலராமபுரத்து நெசவில் ஓடும் 100ஆம் நம்பர் போன்ற மென்னூல் இதற்கு ஆகாது. அறுபது இழையைச் சேர்த்தால்தான் இங்கே வேண்டிய கனம் வரும். படுக்கைவிரிப்பு நெய்கிறவர்களிடம் 2/20 நூல் (20ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது) கேளுங்கள். அது ஒரு கிராமுக்குச் சுமார் 17 மீட்டர் வரும். பாவுக்கு ஆறு நூலைச் சேர்த்து முறுக்கினால் ஏறத்தாழ 0.7 மி.மீ. கனம் கிடைக்கும். தேவை 38 மீட்டர், அதாவது 15 கிராமுக்குள். ஊடைக்கு நான்கு நூல் சேர்த்து, முறுக்காமல், 50 முதல் 60 கிராம் வரை.

கடற்கரை ஊர்களில் நைலான் வலைநூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாவுக்கு எடுத்துவிடாதீர்கள். அது இழுக்க இழுக்க நீளும், அடுத்த நாள் தொய்ந்து நிற்கும், ஊடையும் அதன்மேல் வழுக்கும்.

பாவு கட்டும்போது நகரும் கட்டைக்கும் மேல் கட்டைக்கும் நடுவே 12 மி.மீ. மரத்துண்டு இரண்டைச் செருகி வையுங்கள். கீழ் முதல் ஆணியில் முடிச்சிட்டு, மேல் முதல் ஆணி, கீழ் இரண்டாவது ஆணி என்று வளைத்துவளைத்துப் போய்க் கீழ் 42ஆவது ஆணியில் முடியுங்கள். மொத்தம் 82 இழை. கட்டும்போதே விறைப்பாக இழுக்க வேண்டாம், எல்லா இழையும் ஒரே அளவு தளர்வாக இருப்பதுதான் முக்கியம். பிறகு துண்டுகளை எடுத்துவிட்டு இரண்டு நட்டையும் மாறிமாறி அரைச் சுற்றாக, மொத்தம் இரண்டு மூன்று சுற்று இறுக்குங்கள். உள்ளங்கையைப் பாவின்மேல் ஓட்டிப் பார்த்தால் தொய்ந்த இழை தெரியும். அதை அடுத்த ஆணிவரை தள்ளிச் சமன்செய்யலாம்.

நெய்யும்போது

ஆணியருகே இழைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். முதல் வரியாக, இரண்டு நூலை எடுத்து ஒவ்வோர் இழைக்கும் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டே போங்கள். இழைகள் பிரிந்து ஒழுங்காகும். சாளர விளிம்புக்கு 5 மி.மீ. கீழே இந்த வரி இருந்தால் முன்னால் தெரியாது.

ஒன்றுவிட்டு ஒன்றாக 41 இழையைத் தூக்க 10 மி.மீ. உருளைக் கம்பு ஒன்றில் நூல் விழுது (இழையைத் தூக்கும் நூல் வளையங்கள்) கட்டுங்கள். மற்ற 41க்கு 30 மி.மீ. அகலமுள்ள தட்டைப் பட்டியை நுழைத்து, நிறுத்தினால் போதும். விழுதை 20 மி.மீ.க்கு மேல் தூக்க வேண்டாம். பாவின் நடுவில் 20 மி.மீ. தூக்கினால் இழை 2 மி.மீ.க்கும் குறைவாகவே நீள வேண்டியிருக்கும். 40 மி.மீ. தூக்கினால் 7 மி.மீ. ஆகிவிடும். ஆணிக்கு அருகே போகப் போக இந்த நீட்சி இன்னும் கூடும். அங்கே விழுதை விட்டுவிட்டு ஊசியால் கோத்துச் செல்வதே இழைக்கு நல்லது.

இந்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: எந்தச் சட்டத்தறியிலும் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் உயிரை வாங்கும். இங்கே அந்தப் பகுதி 90 மி.மீ. பலகைக்குப் பின்னால் போய்விடுகிறது, நெய்யவே வேண்டியதில்லை.

ஊடை பாவை முழுக்க மூடும் நெசவைத்தான் இதில் நெய்ய வேண்டும். அதில் பாவு நேராகவே கிடக்கும், அதிகம் சுருங்காது. வேட்டி சேலைபோலப் பாவும் ஊடையும் சமமாகத் தெரியும் நெசவில் பாவு வளைந்து வளைந்து சுருங்கும். நகரும் கட்டை வெளியே தெரியாமல் இறங்கக்கூடியது 13 மி.மீ.தான், அந்தச் சுருக்கத்துக்கு அது பற்றாது.

எல்லோருக்கும் வருகிற குறை, துணி இடுப்பில் ஒடுங்குவது. ஊடையை நேராக இழுத்து அடித்தால் ஓரம் உள்ளே வரும். ஒவ்வோர் ஊடையையும் வில்போல வளைத்துப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீப்பால் தட்டி இறக்குங்கள். கூடவே 5 செ.மீ.க்கு ஒருமுறை ஓர இழையைப் பக்கச் சட்டத்தோடு தற்காலிக நூலால் கட்டிவையுங்கள். துணிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபுறமும் 32 மி.மீ. வெற்றிடம் இருப்பதால் ஓரம் 3 மி.மீ. கோணினாலும் சட்டத்தின் நேர்க்கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கசவு (ஜரிகை) சேர்க்க ஆசை இருந்தால் ஒல்லியான வரிகளாக மட்டும், பருத்தி நூலோடு சேர்த்துப் போடுங்கள். சீப்பு அடியில் கசவின் மேற்பூச்சு உரிந்துவிடும்.

மாட்டுவது, கழற்றுவது

பின்புறம் நான்கு மூலையிலும் 12 மி.மீ. கட்டை ஒட்டுங்கள். ஆணிகள் சுவரில் படாது, துணிக்குப் பின்னால் காற்றும் ஓடும். சுவரோடு ஒட்டிய பருத்தித்துணி இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பூஞ்சை பிடிக்காமல் தப்பாது. விங் நட் தெரியாதபடி சட்டத்தின் உச்சி கண்மட்டத்துக்கு மேலே இருக்குமாறு மாட்டுங்கள். முறுக்கிய பருத்திநூல் ஈரத்தில் பருத்து நீளத்தில் குறுகும். மழை வலுத்ததும் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, மழை ஓய்ந்தபின் திரும்ப இறுக்கினால் கட்டைக்கும் துணிக்கும் நல்லது.

அடுத்த துணி நெய்ய இதைக் கழற்றும்போது கண்ணிகளை அவசரப்பட்டு ஆணியிலிருந்து உருவாதீர்கள். நட்டை எட்டுப் பத்துச் சுற்றுத் தளர்த்தி, மேல் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒரு மூங்கில் ஈர்க்கில் ஏற்றுங்கள், கீழேயும் அப்படியே. ஈர்க்கோடு துணி தனியாக வந்துவிடும், முடிச்சுப் போட வேண்டியதில்லை. மறுபடி அதே சட்டத்தில் மாட்ட நினைத்தால் கண்ணிகளை அதே வரிசையில் ஆணிகளில் ஏற்றினால் போதும்.