பக்கத்து நாற்காலி ட்யூபா

அன்புள்ள அக்கா,
யார்க்‌ஷயரில் படிக்க வந்த இடத்தில், பித்தளை ஊதுகுழல்கள் வாசிக்கும் ஒரு பிராஸ் பேண்டில் சேர்ந்திருக்கிறேன். இ ஃபிளாட் சுருதியில் அமைந்த ட்யூபா, அதாவது கீழ்ச் சுரங்களை ஊதும் பெரிய பித்தளைக் குழல், கொடுத்திருக்கிறார்கள். அது பழகுகிறவர்களுக்கானது என்கிறார் நண்பர். சொந்தமாக வாங்கினால் பெரிய பி ஃபிளாட் வாங்கவா, அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் உள்ள சி ட்யூபாவா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொன்னதைத் தூக்கிப் போடுங்கள். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் ட்யூபா கலைஞர் ஜான் ஃப்ளெட்சர் வருடக்கணக்கில் வாசித்தது இ ஃபிளாட்தான்.

சி ட்யூபா பேண்டுக்கு ஒத்துவராது. அங்கே இரண்டு இ ஃபிளாட், இரண்டு பி ஃபிளாட். இவற்றுக்கும், கார்னெட் என்ற சிறிய ட்ரம்பெட் மாதிரிக் குழலுக்கு எழுதுவதுபோலவே, ட்ரெபிள் கிளெஃப் என்ற இசைக்குறிப்பு முறையில் எழுதுவதால், கார்னெட் வாசித்தவர் ட்யூபாவுக்கு மாறினாலும் விரல் மாறாது. சி ட்யூபா வைத்திருந்தால் நீங்கள் மட்டும் ஒவ்வொரு சுரத்தையும் மனசுக்குள் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

என்னை உறுத்தியது வேறு. இவ்வளவு கேட்டவர், பக்கத்தில் பி ஃபிளாட் வாசிப்பவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே!

அந்தப் பக்கம் ஒரு சிறு பேண்டில் நானும் இ ஃபிளாட் வாசித்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், பி ஃபிளாட். காலடியில் பழைய துண்டை விரித்து, குழலில் சேரும் தண்ணீரை அதில் வடிப்பார். ஒரு ஜனவரி மாலை, பாட்டின் கடைசிச் சுரத்தில் இருவரும் நின்றோம். சுருதி காட்டும் என் ட்யூனர் கருவி சரி என்றது. அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மறுபடி ஊது" என்றார். ஊதினேன். வயிற்றுக்குள் ஊங், ஊங் என்று ஒரு துடிப்பு. பள்ளியில் படித்தோமே, சற்றே சுருதி விலகிய இரண்டு ஒலிகள் சேர்ந்தால் வரும் விம்மல், அதுதான். அவருடைய பெரிய குழல் இன்னும் சூடேறவில்லை, சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் ஊதும் கீழ்ச் சுரத்துக்குள்ளேயே அதன் மேல் ஸ்தாயியும் ஒலிக்கும். என் சுரம் அதோடு உரசியது. உதட்டைத் தளர்த்தினேன். துடிப்பு மெல்ல மெல்ல நீண்டு, நின்றது. அப்புறம் எழுந்த நாதம் எங்கள் இருவருடையதும் இல்லை. நாற்காலிக் கால்கள் அதிர்ந்தன.

சுருளை நீட்டினால் இ ஃபிளாட் குழல் சுமார் 13 அடி, பி ஃபிளாட் 18. குட்டையானதில் மேல் சுரங்கள் பிசகாமல் விழும், நீண்டதில் அடிக்கனம் வரும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. எது பெரியது என்று கேட்பது தப்பு தம்பி, கோபமாகவே சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஊதுகிறவருக்கு எந்த ட்யூபாவும் உதவாது.

சரி, வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். கொடுத்ததையே வாசியுங்கள். அடுத்த ஒத்திகைக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய், பி ஃபிளாட்காரரையும் வரச் சொல்லுங்கள். இருவரும் ஒரே சுரத்தை ஸ்தாயி தள்ளி ஊதிப் பாருங்கள். என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.