தண்ணீர்மலை முதல் தெலுக் பஹாங் வரை: வாசகர் கேள்வி பதில்

பினாங்குப் பூங்காக்களைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாதிப் பேர் “எங்கே போகலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே என்பதைவிட எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் நம் ஊரில் பெரிய விஷயம். நல்ல பூங்காவுக்குப் பகல் ஒரு மணிக்குப் போய்விட்டு, “ஒன்றும் இல்லை, ஒரே வெயில்” என்று சொல்லித் திரும்புகிறவர்கள் அதிகம். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி: என் அம்மா ஆயுசு முழுக்க ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர். அப்பா தவறிய பிறகு எங்களோடு பாயான் பாரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். முட்டி வலி வேறு. மாலுக்குக் கூட்டிப் போனால் பத்து நிமிடத்தில் “வீட்டுக்குப் போவோம்” என்கிறார். பூங்காவுக்குக் கூட்டிப் போகலாமா, டீச்சர்? (வாசகி, பாயான் பாரு)

பதில்: கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள் அம்மா, இந்த ஞாயிற்றுக்கிழமையே. விடியும் முன்பே எழுந்து, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், பால்மரங்களுக்கு நடுவே நடந்த கால்கள் அவை. மாலில் அவருக்குப் பேசவோ பார்க்கவோ என்ன இருக்கிறது?

தண்ணீர்மலை தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் தொடங்கியது. அதற்கு முன் அந்த இடம் கல் உடைக்கும் குவாரி. இன்று மூன்று பக்கமும் காடு, நடுவில் ஓடை, புல்வெளி. நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை ஏழு மணிக்கு உள்ளே இருப்பது போல் கிளம்புங்கள். பினாங்கில் அப்போதுதான் நன்றாக வெளிச்சம் வரும், தரையிலும் இன்னும் ஈரம் இருக்கும். ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடலாம். கீழ்ச்சுற்றுப் பாதை தார் போட்டது, ஏற்றமும் குறைவு. மேல்சுற்றுப் பாதை முட்டி வலி உள்ளவருக்கு வேண்டாம்.

அப்புறம் ஒன்று. அம்மாவிடம் “நடங்கள், உடம்புக்கு நல்லது” என்று சொல்லாதீர்கள். மரத்தைக் காட்டி “இது என்னம்மா?” என்று கேளுங்கள். தோட்டத்தில் இருந்தவருக்குச் செடி கொடி தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று நின்று பேசுவார். முட்டிக்கு ஓய்வும் கிடைத்துவிடும், சுற்றும் முடிந்துவிடும்.

நுழைவாயில் பக்கத்தில் நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. முதலில் அங்கே நிறுத்துங்கள். பூ கிளையில் பூக்காது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் காம்புகள் தொங்கும், அதில் பூ இருக்கும். கீழே உதிர்ந்த ஒன்றை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வையுங்கள். தடித்த இதழ்கள், வெளிப்பக்கம் மஞ்சள் ஓடி உள்ளே போகப் போகச் சிவப்பு. நடுவில் பாம்பு படமெடுத்த மாதிரி ஒரு மடல் வளைந்து, கீழே இருக்கும் சின்ன லிங்கத்துக்குக் குடை பிடிக்கும். வாசனை கை கழுவிய பிறகும் போகாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்று சொன்னால் நம் ஆட்கள் நம்ப மாட்டார்கள். அத்தனை சிவன் கோயில்களில் அதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் மரத்தடியில் நேராக உட்கார வேண்டாம். காய் பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டை, நல்ல கனம், எப்போது விழும் என்று சொல்ல முடியாது. விழுந்து உடைந்த காயின் நாற்றத்தையும் அம்மா ஒருமுறை பார்த்துவிடட்டும். அவ்வளவு மணக்கும் பூவுக்கு இப்படி ஒரு காய்!

காலையில் அங்கே சீன ஆயாக்கள் கூட்டமாக உடற்பயிற்சி செய்வார்கள், மலாய் மாக்சிக்குகள் (அத்தைமார்) பேசிக்கொண்டே நடப்பார்கள். முதல் வாரம் “சலாமாட் பாகி” (காலை வணக்கம்) என்பதோடு நிற்கும். நாலைந்து வாரம் போனால் “நேற்று ஏன் வரவில்லை?” என்று கேட்பார்கள். புது ஊருக்கு வந்த வயதானவருக்கு அந்த ஒரு கேள்வி பெரிய தெம்பு. அதனால் ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு கூட்டிப் போங்கள். கார் இல்லாவிட்டால் கொம்தார் பஸ் நிலையத்திலிருந்து 10-ஆம் எண் பஸ் இருக்கிறது. அடிக்கடி வராது, நேரம் பார்த்து நில்லுங்கள்.

கேள்வி: பூங்காவில் என் பேரன் கையிலிருந்த பிஸ்கட் பையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. பிள்ளை இன்னும் பயப்படுகிறான். இந்தக் குரங்குகளை ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: பேரனுக்குக் கீறல் எதுவும் இல்லையே ஐயா? கடித்தோ கீறியோ இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும். அதில் தாமதம் கூடாது.

அது கெரா, நீள வால் குரங்கு. அந்தக் காடு அதன் வீடு. கடலை, வாழைப்பழம், ரொட்டி என்று கொடுத்துக் கொடுத்து, பிளாஸ்டிக் பை சலசலத்தால் சாப்பாடு என்று நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுத்தோம். தீனி போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதன் முன்னாலேயே நின்று போடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் கைகூப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போட்டுவிட்டுப் போகிறீர்கள், அடுத்து வரும் பிள்ளையின் கையிலிருந்து அது பிடுங்குகிறது. கடைசியில் பழி வாயில்லாத ஜீவன் மேல்.

அடுத்த முறை சாப்பாடு எதையும் கையில் கொண்டு போகாதீர்கள். தண்ணீர் போத்தலைத் துணிப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். குரங்கின் கண்ணை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், அது சண்டைக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும். ஓடவும் வேண்டாம், மெதுவாக விலகினால் போதும்.

பேரனின் பயம் தெளிய ஒரு வழி உண்டு. அதே பூங்காவில் லோத்தோங் என்ற இன்னொரு குரங்கும் இருக்கிறது. கறுத்த உடம்பு, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டது போல் வெள்ளை வளையம். இலை தின்னும் சாது, ஆட்களிடம் வருவது குறைவு. அதன் குட்டி பிறக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறம்! கறுத்த தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டியைத் தூரத்திலிருந்து ஒருமுறை காட்டுங்கள். குரங்கைத் தேடிப் போகலாம் என்று அவனே உங்களை இழுப்பான்.

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயிலில் போவதா, நடந்து ஏறுவதா? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து வந்தால் ரயில்தான். 1923-இல் ஓடத் தொடங்கியது, இப்போது பெட்டிகள் புதியவை. பள்ளி விடுமுறையில் வரிசை நீளும், காலையில் முதல் ரயில்களைப் பிடியுங்கள். நடக்கிறவர்களுக்குத் தாவரவியல் பூங்கா வாசல் பக்கமிருந்து ஜீப் பாதை இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்கச் செங்குத்து, இறங்கும்போது முட்டி கெஞ்சும். ஏறிவிட்டு ரயிலில் இறங்குங்கள். மேலே போனதும் படம் எடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த காடு அது. கடைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: கர்னி பே போனோம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நிழலே இல்லை. இதைப் பூங்கா என்று எப்படிச் சொல்வது? (வாசகி, பூலாவ் தீக்குஸ்)

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு அம்மா. கடலை நிரப்பி எடுத்த நிலம், மரங்கள் இப்போதுதான் வேர் பிடிக்கின்றன. தூங்குமூஞ்சி மரம் குடை விரிக்க எத்தனை வருடம் ஆகும் என்று பழைய சாலைகளில் நிற்கும் மரங்களைப் பார்த்தாலே தெரியும். ஊர் வளரும்போது புதுப் பூங்கா கட்டுவது நல்லதுதான். ஆனால் நிற்கிற பெரிய மரத்தை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டோம் என்று கணக்குச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அந்த நிழல் நம் பேரப்பிள்ளைகளுக்குத்தான் திரும்பக் கிடைக்கும்.

சரி, அதுவரை மாலை ஆறரைக்கு மேல் போங்கள். இங்கே சூரியன் மறைய ஏழரை ஆகிவிடுகிறது. கடற்காற்று இருக்கும், பிள்ளைகள் ஓடலாம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாக அமைந்தால் சேற்றில் வெள்ளைக் கொக்குகள் இரை தேடுவதைப் பார்க்கலாம். பகலில்தான் போக முடியும் என்றால் குவாரி சாலையில் இருக்கும் இளைஞர் பூங்காவுக்குப் போங்கள். அங்கே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன, பிள்ளைகள் இறங்கி விளையாடத் தண்ணீர்க் குளமும் உண்டு.

கேள்வி: எல்லாப் பூங்காவும் தீவில்தானா? பெருநிலத்தில் இருக்கும் எங்களுக்கு ஒன்றும் இல்லையா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இருக்கிறது ஐயா, புக்கிட் மெர்தாஜாமில். செரோக் தோக்குன் பக்கத்து வனப் பூங்காவில் ஓடை உண்டு, அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள் உண்டு. அதோடு, அங்குள்ள செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதில் பல்லவ எழுத்தை ஒட்டிய பழங்கால எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பற்றி எழுதினார். தென்னிந்தியத் தொடர்புள்ளவர்கள் இந்தக் கரைக்கு எவ்வளவு முன்பே வந்துவிட்டார்கள் என்பதற்கு அந்தப் பாறை சாட்சி. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? காலையில் காட்டில் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் காட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: நாங்கள் நான்காம் படிவ மாணவர்கள். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்கு நடக்கப் போகிறோம். எந்தப் பாதை நல்லது, டீச்சர்? (மாணவர், ஜார்ஜ்டவுன்)

பதில்: பந்தாய் கெராச்சுட் பாதைதான் தம்பி. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். வாசலில் பெயர் பதிந்துவிட்டு நடந்தால், நிதானமாக ஒன்றரை மணி நேரம். ஏற்ற இறக்கமும் மரவேர்களும் உண்டு. சிலிப்பர் போட்டு வராதீர்கள், கெட்டியான சப்பாத்து வேண்டும்.

கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஏரி. மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் அடியிலேயே தங்கிவிடும், இரண்டும் கலக்காது. பாடத்தில் அடர்த்தி படித்திருப்பீர்களே, அதற்கு இந்த ஏரி நல்ல உதாரணம். மழை குறைந்த மாதங்களில் ஏரி வற்றிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் பாதை காய்ந்திருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் ஏரி நிறையும், பாதை வழுக்கும். இரண்டில் எது வேண்டும் என்று முதலில் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.

அந்தக் கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன, அவற்றுக்கு ஒரு காப்பகமும் இருக்கிறது. மணலில் குப்பை போடாதீர்கள், ஆமை ஏறிய தடத்தை மிதிக்காதீர்கள். கடலில் இறங்க வேண்டாம். சொறி மீன் (ஜெல்லி மீன்) கொட்டினால் அங்கிருந்து கிளினிக்குக்கு வருவதற்குள் தவித்துப் போவீர்கள்.

101-ஆம் எண் பஸ் தெலுக் பஹாங் வரை போகும், முதல் பஸ்களிலேயே ஏறிவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். பிற்பகலில் மேகம் கூடுவதற்குள் வாசலுக்குத் திரும்பிவிடப் பாருங்கள். கால் ஓய்ந்துவிட்டால் கெராச்சுட்டிலிருந்து படகு கிடைக்கும். வாடகையைக் கரையிலேயே பேசி முடித்துவிட்டு ஏறுங்கள்.